‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்: மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு – கணக்கிடுவதும் காரணம் கண்டறிவதும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே நெய்யப்படும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நாடு முழுவதும் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. ஆபரேஷன் தியேட்டரில் அந்தத் துணிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். ரத்தத்தில் நனைந்தவற்றை எடை போட்டும் பார்ப்பார்கள். நோயாளிக்கு எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என முடிவெடுக்க முடியும்.

ஆனால் அதே ஊரில், மாதாமாதம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை மட்டும் யாரும் கணக்கெடுப்பதில்லை. “ரெண்டாம் நாள் எழுந்திருக்கவே முடியலக்கா” என்று சொன்னால், “பொம்பளைன்னா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்” என்று பதில் வரும். மில்லுக்கு ஷிப்ட் போகிறவர், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர், வத்திராயிருப்பில் வயல் வேலை பார்க்கிறவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையில் நிற்கிறவர் என எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நாலைந்து நாட்களைத் தள்ளிவிடுகிறார்கள். பல வருடம் கழித்து, ரத்தச்சோகையில் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இந்தக் கட்டுரை உங்களுக்குச் சொல்ல வருவது ஒன்றுதான். அதிக ரத்தப்போக்கு தலைவிதி அல்ல, ஏதோ ஒரு காரணத்தால் வரும் அறிகுறி. முதலில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிகிச்சை அதற்குப் பிறகு.

எவ்வளவு போனால் ‘அதிகம்’?

நம் மொழியில் இதற்குப் பழைய பெயரே உண்டு: பெரும்பாடு. சித்த மருத்துவத்தில் இன்றும் இந்தச் சொல்தான். பைபிளில் 12 வருடம் பெரும்பாட்டால் அவதிப்பட்ட பெண்ணின் கதையைக் கேட்டவர்களும் நம்மிடையே நிறைய பேர். அந்தக் காலத்திலேயே இதை ஒரு நோயாகப் பார்த்திருக்கிறார்கள். நாம்தான் சகஜம் என்று ஆக்கிவிட்டோம்.

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவ ஆய்வுகளில் பல காலமாக இருந்துவரும் அளவு. ஆனால் வீட்டில் யாரும் மில்லியில் அளக்க முடியாது. அதனால் இப்போது மருத்துவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ரத்தப்போக்கு உங்கள் உடல்நலத்தையோ, வேலையையோ, வீட்டு வாழ்க்கையையோ, மனநிலையையோ கெடுக்கும் அளவுக்கு இருந்தால் அது ‘அதிகம்’தான். இதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ அல்ல.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்:

• 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறது.
• ராத்திரி தூக்கத்தில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது. பாய், மெத்தை நனைகிறது.
• இரண்டு நாப்கினைச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.
• பத்து ரூபாய் நாணய அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ கட்டி கட்டியாகப் போகிறது.
• 8 நாட்களுக்கு மேல் படுகிறது.
• ஒரு மாதவிடாய் தொடங்கி 24 நாட்களுக்குள் அடுத்தது வந்துவிடுகிறது.
• அந்த நாட்களில் பஸ் பயணம், வேலை, கோயில், கல்யாண வீடு எல்லாவற்றையும் தவிர்க்கிறீர்கள்.
• படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படபடப்பு, தலைசுற்றல், எப்போதும் அசதி.

ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது

ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்படியானால் 80 மில்லி ரத்தத்தோடு 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்வது நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதில் ஒரு பங்கு மற்ற வழிகளில் அன்றாடம் செலவாகிவிடும். மாதாமாதம் வரவைவிடச் செலவு கூடினால் சேமிப்பு கரைவது போல, உடலில் உள்ள இரும்பு இருப்பும் கரைந்துவிடும். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லவைதான். ஆனால் ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் நிறையுமா?

2019–21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். எல்லாருக்கும் காரணம் மாதவிடாய் அல்ல. ஆனால் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல் இருந்தால், “மாதவிடாய் எப்படி இருக்கிறது?” என்ற கேள்வி கட்டாயம் வர வேண்டும்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தச்சோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்பு இருப்பு காலியாகியிருக்கலாம். அதைக் காட்டுவது ‘ஃபெரிட்டின்’ என்ற ரத்தப் பரிசோதனை. “ரிப்போர்ட் நார்மல், ஆனா அசதி மட்டும் போகல” என்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் பரிசோதனை உங்கள் கையில்: மதிப்பெண் அட்டை

1990-ல் பிரிட்டனில் சில மருத்துவர்கள் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது, கட்டி போனதா என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அது. உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. காசு செலவில்லை.

மதிப்பெண் போடும் விதம்:

• லேசாக நனைந்த நாப்கின் – 1
• பாதி அளவு நனைந்தது – 5
• முழுவதும் நனைந்தது – 20
• சின்னக் கட்டி (ஒரு ரூபாய் நாணய அளவு) – 1
• பெரிய கட்டி (பத்து ரூபாய் நாணய அளவு) – 5

ஓர் உதாரணம் பார்ப்போம். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் 38 வயது அக்கா ஒருவர் ஒரு மாதம் இப்படிக் குறித்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள்: பாதி நனைந்தது 3 → 15
இரண்டாம் நாள்: முழுவதும் நனைந்தது 4, பாதி நனைந்தது 2, பெரிய கட்டி 2 → 80 + 10 + 10 = 100
மூன்றாம் நாள்: முழுவதும் நனைந்தது 3, பாதி நனைந்தது 2, சின்னக் கட்டி 2 → 60 + 10 + 2 = 72
நான்காம் நாள்: பாதி நனைந்தது 3 → 15
ஐந்தாம் நாள்: பாதி நனைந்தது 1, லேசாக நனைந்தது 2 → 7
ஆறாம் நாள்: லேசாக நனைந்தது 2 → 2
ஏழாம் நாள்: லேசாக நனைந்தது 1 → 1

மொத்தம் 212. இந்த முறையில் 100 அல்லது அதற்கு மேல் வந்தால், ரத்தப்போக்கு 80 மில்லியைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த அக்கா இரண்டாம் நாள் ஒன்றிலேயே அந்த அளவைத் தொட்டுவிட்டார். இதுவரை அவர் “எனக்கு எப்பவும் இப்படித்தான் டாக்டர்” என்றே சொல்லி வந்திருப்பார். இப்போது அவர் கையில் ஒரு கணக்கு இருக்கிறது.

சில குறிப்புகள்:

நாப்கின் பெரியது சின்னது என்று பல அளவில் வருகிறது. அதனால் கணக்கெடுக்கும் மாதங்களில் ஒரே வகையைப் பயன்படுத்துங்கள். துணி பயன்படுத்துகிறவர்கள் எத்தனை துணி மாற்றினீர்கள், எத்தனை முழுசாக நனைந்தது என்று எழுதினாலே போதும். மாதவிடாய்க் கப் வைப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: கப்பில் உள்ள அளவுக்கோட்டைப் பார்த்து மில்லியைக் குறிக்கலாம். கப்பில் சேர்வது முழுவதும் ரத்தம் அல்ல என்றாலும் மருத்துவருக்கு அது நல்ல தகவல். ஆடை நனைந்து போகும் அளவுக்குத் திடீரென்று பீறிட்டு வந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள்.

மதிப்பெண் 100-க்குக் குறைவாக வந்தும் உங்களுக்குச் சிரமமாக இருந்தால், கணக்கைக் காட்டி “ஒண்ணும் இல்ல” என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். அட்டை ஓர் உதவிதான், தீர்ப்பு அல்ல.

எழுதுவதற்கு உங்கள் செல்போனில் இருக்கும் நோட்ஸ் செயலியே போதும். தேதி, எண்ணிக்கை, வலி, சாப்பிட்ட மாத்திரை ஆகிய நான்கையும் இரண்டு மூன்று மாதத்துக்குக் குறியுங்கள். தனியாக மாதவிடாய்ச் செயலி வைத்துக்கொள்பவர்கள், அது கேட்கும் அனுமதிகளைப் பார்த்துக் கொடுங்கள்; போனுக்குப் பூட்டுக் குறியீடு போடுங்கள். வீட்டில் ஒரே போன்தான், எல்லாரும் எடுப்பார்கள் என்றால் அடுப்படிக் காலண்டரில் புள்ளி வைத்துக் குறித்தாலும் கணக்கு கணக்குதான். அளவு கடுமையாக இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இருக்கிற கணக்கோடு உடனே போங்கள்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

கணக்கைக் காட்டியதும் மருத்துவர் சில கேள்விகள் கேட்பார். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

• கடைசி மாதவிடாய் தேதி. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?
• காப்பர்-டி வைத்திருக்கிறீர்களா? அதனாலும் ரத்தப்போக்கு கூடலாம்.
• இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
• தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் பிரச்சினை உண்டா?
• இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் படுகிறதா? தாம்பத்திய உறவுக்குப் பிறகு படுகிறதா?
• பல் பிடுங்கியபோது, பிரசவத்தில், ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போனதா? அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இப்படி உண்டா?

இன்னொரு விஷயம் நம் ஊருக்கே உரியது. ஆடிப்பூரத் தேரோட்டம், குலதெய்வக் கோயில் பொங்கல், வீட்டு விசேஷம் என்றால் மருந்துக் கடையில் ‘தள்ளிப்போடுற மாத்திரை’ வாங்கிச் சாப்பிடுவது பலருக்கும் வழக்கம். அது ஹார்மோன் மாத்திரை. நிறுத்தினதும் ரத்தப்போக்கு வரும். சிலருக்கு அது அதிகமாகவே இருக்கும். காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ‘நிறுத்துற மாத்திரை’யும் அப்படித்தான்: எல்லாருக்கும் ஒத்துவராது. நீங்களாக வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அட்டையை எடுத்துப்போய்க் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் காரணம் கண்டுபிடிப்பதுதான் தாமதமாகும்.

என்னென்ன பரிசோதனை, எதற்காக?

எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் வேண்டியதில்லை. பெரும்பாலும் இந்த வரிசையில் போவார்கள்.

சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. “குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சாச்சே, இது எதுக்கு?” என்று கோபப்பட வேண்டாம். கருச்சிதைவும், கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் அதிக ரத்தப்போக்காக வரலாம். இரண்டாவது உயிருக்கே ஆபத்து. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்கும் அரிதாக இது நேர்வதுண்டு.

முழு ரத்த எண்ணிக்கை. ஹீமோகுளோபினோடு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் இதில் தெரியும். எல்லாருக்கும் செய்ய வேண்டிய பரிசோதனை இது.

உடல் பரிசோதனை. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, தேவைப்பட்டால் உள்பரிசோதனை. கருப்பை வாயில் புண்ணோ சதை வளர்ச்சியோ இருந்தால் இதில்தான் தெரியும். கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரையோ, கூட ஒரு செவிலியர் இருப்பதையோ கேட்கலாம். தாம்பத்திய உறவில் இல்லாதவர்களுக்கு உள்பரிசோதனையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

ஸ்கேன். கட்டி, கருப்பைச் சுவரின் தடிப்பு, சினைப்பை ஆகியவற்றைப் பார்க்க. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது ஒரு வகை. அதற்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். திருமணமானவர்களுக்கு உள்வழியாகவும் பார்ப்பார்கள். அதில் படம் இன்னும் தெளிவாகக் கிடைக்கும்.

கருப்பை உள்சவ்வுப் பரிசோதனை. உள்சவ்விலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. 40–45 வயதைத் தாண்டியவர்களுக்கும், உடல் பருமன் அல்லது நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள இளம் வயதினருக்கும், மருந்து கொடுத்தும் நிற்காதவர்களுக்கும் இது முக்கியம். புற்றுநோயையும், புற்றுநோயாக மாறக்கூடிய தடிப்பையும் முன்கூட்டியே பிடிப்பது இதுதான்.

இவை தவிர, அறிகுறியைப் பார்த்துத் தைராய்டு, ஃபெரிட்டின், ரத்தம் உறையும் திறன் போன்றவற்றையும் எழுதுவார்கள்.

ஒன்பது காரணங்கள்

சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2011-ல் இந்தக் காரணங்களை ஒன்பதாகப் பிரித்து வெளியிட்டது. உங்கள் மருத்துவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான்.

முதல் நான்கும் ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை:

1. பாலிப் – உள்சவ்விலோ கருப்பை வாயிலோ தொங்கும் சிறு சதை.
2. அடினோமயோசிஸ் – உள்சவ்வு கருப்பையின் தசைக்குள் ஊடுருவி வளர்வது. வலியும் சேர்ந்து இருக்கும்.
3. ஃபைப்ராய்டு – தசைக் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.
4. புற்றுநோய், அதற்கு முந்தைய தடிப்பு.

மற்ற ஐந்தில் நான்கு ஸ்கேனில் தெரியாதவை. கடைசியானது மீதி எல்லாவற்றுக்குமான இடம்:

5. ரத்தம் உறைவதில் குறை.
6. சினைமுட்டை ஒழுங்காக வெளிவராமை – வயதுக்கு வந்த புதிதிலும், மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும், நீர்க்கட்டி, தைராய்டு உள்ளவர்களுக்கும் வருவது.
7. உள்சவ்வின் சொந்தக் கோளாறு – மாதவிடாய் தேதி தவறாமல் வரும், ஆனால் அதிகமாக வரும்.
8. மருந்து, காப்பர்-டி போன்றவற்றால் வருவது.
9. மேலே எதிலும் அடங்காதவை.

ஒருவருக்கே இரண்டு காரணமும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. பாலிப்பை எடுத்தால் சரியாகிவிடலாம். தைராய்டுக்கு மாத்திரை போதும். உள்சவ்வுக் கோளாறுக்கு ஹார்மோன் உள்ள கருப்பை வளையம் நன்றாக வேலை செய்யும். எனவே, “எனக்கு எந்தக் காரணம் டாக்டர்?” என்று கேட்பது உங்கள் உரிமை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, இணையத்தில் தேடி, ராத்திரி முழுவதும் அழுகிறவர்கள் உண்டு. சில வார்த்தைகளுக்கு மட்டும் அர்த்தம் சொல்கிறோம்.

‘பல்க்கி யூட்ரஸ்’ – கருப்பை சற்றுப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். பிள்ளை பெற்றவர்களுக்கு இது சாதாரணமாகவே இருக்கும். இது நோயின் பெயர் அல்ல.

‘ஃபைப்ராய்டு’ – எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கருப்பையின் உள்அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கட்டிகூட ரத்தப்போக்கைக் கூட்டும். வெளிப்பக்கம் இருக்கும் சிறு கட்டி பல சமயம் எந்தத் தொந்தரவும் தராது. கட்டி இருக்கிறது என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

‘எண்டோமெட்ரியல் திக்னஸ்’ – உள்சவ்வின் தடிமன். மாதவிடாய் வருகிறவர்களுக்கு இது நாளுக்கு நாள் மாறும். அதனால் எந்த நாளில் ஸ்கேன் எடுத்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ரத்தம் பட்டவர்களுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கட்டாயம் மேல்பரிசோதனை வேண்டும்.

வீட்டில் வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருந்தால்

முதல் இரண்டு வருடம் தேதி முன்னே பின்னே வருவது சகஜம். ஆனால் முதல் மாதவிடாயிலிருந்தே வெள்ளமாகப் போவது சகஜம் அல்ல.

1924-ல் ஐரோப்பாவின் ஓலந்து தீவுகளிலிருந்து 5 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டிடம் கூட்டிவந்தார்கள். அவள் குடும்பத்தில் பலருக்கும் ரத்தம் நிற்காத தொல்லை. அதை ஆராய்ந்து 1926-ல் அவர் எழுதினார். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். அந்தச் சிறுமி 13 வயதில், தன்னுடைய நான்காவது மாதவிடாயில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். அன்றைக்கு மருந்து இல்லை. இன்றைக்கு இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டால்தான் ஆபத்து.

உங்கள் மகளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்து 10 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இருக்கிறதா? லேசாக இடித்தாலே உடம்பில் கன்றிப்போகிறதா? பல் ஈறில் ரத்தம் கசிகிறதா? கூடவே மாதவிடாயும் அதிகமா? அப்படியானால் ரத்தம் உறையும் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்த குடும்பங்களில் இப்படிப்பட்ட சில பரம்பரை ரத்தக் குறைகள் வர வாய்ப்பு கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்றும் பாருங்கள்.

‘கர்ப்பப்பையை எடுத்துடலாம்’ என்று சொன்னால்?

சில பெண்களுக்கு அது சரியான, தேவையான சிகிச்சை. புற்றுநோய் என்றால் தயங்கவே கூடாது. ஆனால் முதல் நாளே, ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து எடுக்க வேண்டிய முடிவு அல்ல அது.

கருப்பையை எடுத்துக்கொண்ட இந்தியப் பெண்கள் தேசிய குடும்ப நல ஆய்வில் அதிகமாகச் சொன்ன காரணம், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. தேவையில்லாமல் கருப்பை அகற்றப்படுவதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் 3 மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கையெழுத்துப் போடும் முன் நீங்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. என் ரத்தப்போக்குக்குக் காரணம் என்ன?
2. அதை எந்தப் பரிசோதனை உறுதி செய்தது?
3. மாத்திரை, ஹார்மோன் வளையம், கட்டியை மட்டும் எடுப்பது போன்ற வேறு வழி எனக்குப் பொருந்துமா?
4. சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா? ஏன்?
5. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க நேரம் இருக்கிறதா?

நல்ல மருத்துவர் எவரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

எங்கே போவது? என்ன எடுத்துப் போவது?

கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தொடங்கலாம். ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். 30 வயதைத் தாண்டியவர்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் அங்கே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கட்டம் ராஜபாளையம் அரசு மருத்துவமனை அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனை. இரண்டுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். உங்களுக்கு எது பக்கமோ அங்கே போங்கள். புறநோயாளிப் பிரிவுக்குக் கட்டணம் இல்லை. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். விருதுநகர் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மில், கம்பெனி வேலையில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகவும் போகலாம்.

நேரில் போக முடியாத நாளில் ‘இ-சஞ்சீவனி’ செயலியில் மருத்துவரிடம் காணொளியில் இலவசமாகப் பேசலாம். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். 14 இலக்க ‘ஆபா’ எண் எடுத்துவைத்தால், வசதி உள்ள மருத்துவமனைகளில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஓ.பி. சீட்டு வாங்கலாம், ரிப்போர்ட்டுகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கலாம்.

அறுவை சிகிச்சை வரை போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தில் பதியலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை திட்டத்தில் வருகிறதா என்பதைக் கட்டணமில்லா எண் 1800 425 3993-ல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது மதிப்பெண் கணக்கு, பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை மறக்காதீர்கள்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாதவை

• தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல், மணிக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைவது.
• மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு, உடல் வெளுத்து ஜில்லென்று ஆவது.
• நாள் தள்ளிப்போய், பிறகு ரத்தப்போக்கும் ஒருபக்க வயிற்று வலியும் வருவது.

இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரே ஒரு துளி பட்டாலும், அவசர ஊர்தி வேண்டாம் என்றாலும், அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் மதினியோ, தங்கச்சியோ, மனைவியோ “முடியல” என்று சொன்னால் “ரெஸ்ட் எடு” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “எத்தனை நாளா? எவ்வளவு? வா, காட்டிட்டு வருவோம்” என்று கேளுங்கள்.

அடுத்த மாதவிடாய் தொடங்கும் நாளில் உங்கள் போனை எடுத்து முதல் எண்ணிக்கையைக் குறியுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.